ஏரிக்கரையில் சக்கர வீடு: வாசகர் கேள்வி – பதில்

டாலஸிலிருந்து வடக்கே ஒன்றரை மணி நேரம் ஓட்டினால் டெக்ஸோமா ஏரி. டெக்சஸ் – ஓக்லஹோமா எல்லையில் ரெட் ரிவரை மறித்து, 1944-ல் கட்டி முடித்த டெனிசன் அணைக்குப் பின்னால் விரிந்து கிடக்கும் நீர்த்தேக்கம் அது. ஆர்வி (சக்கர வீடு) வாங்கி முழுநேரமும் அதிலேயே வாழத் தயாராகும் வாசகர்கள் பலர், முதல் நீண்ட தங்கலுக்கு இந்த ஏரியை மனத்தில் வைத்துக்கொண்டு கேள்வி அனுப்பியிருக்கிறார்கள். அதனால் இந்த இதழின் பதில்களில் டெக்ஸோமாவே முன்னால் நிற்கிறது. மின்சாரம், தொட்டி, எடை பற்றிச் சொல்வதெல்லாம் எந்த ஏரிக்கும் பொருந்தும்.

வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு டிரெய்லரில் கிளம்புகிறோம். டெக்ஸோமா கரையிலுள்ள அரசு கேம்ப்கிரவுண்டில் மூன்று மாதம் தொடர்ந்து தங்க முடியுமா? (பிளேனோ வாசகி)

முடியாது. டெக்ஸோமாவை நிர்வகிப்பது ராணுவப் பொறியாளர் படை, அதாவது ஆர்மி கோர் ஆஃப் இன்ஜினியர்ஸ். அவர்களுடைய விதிப்படி, தொடர்ச்சியான எந்த 30 நாளை எடுத்துக்கொண்டாலும் ஒரு ஏரியில் 14 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. மேலும் தங்க வேண்டுமானால் மாவட்டத் தளபதியின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். பலர் சறுக்குவது "ஒரு ஏரியில்" என்ற இடத்தில்தான். பர்ன்ஸ் ரன்னில் 14 நாள் முடித்து, அதே ஏரியின் இன்னொரு கோர் கேம்ப்கிரவுண்டுக்கு மாறினால் கணக்கு புதிதாகத் தொடங்காது. கேம்ப்கிரவுண்டு வேறானாலும் ஏரி ஒன்றுதான்.

மூன்று மாதத்தை இரண்டு ஏரிகளுக்குப் பிரித்துக்கொள்ளலாம். 1 முதல் 14-ஆம் நாள் வரை டெக்ஸோமா. 15 முதல் 28 வரை பாரிஸ் நகருக்கு அருகிலுள்ள பேட் மேஸ் ஏரி. அதுவும் கோர் ஏரிதான், கணக்கு மட்டும் தனி. 29, 30 ஆகிய இரண்டு இரவும் முழு ஹூக்கப் (மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் இணைப்பு) உள்ள தனியார் பார்க்கில். அந்த இரண்டு நாளில் துணி துவைப்பது, தொட்டிகளை அலசுவது, கேஸ் நிரப்புவது எல்லாம் முடிந்துவிடும். 31-ஆம் நாள் மறுபடி டெக்ஸோமா வரலாம். இந்தச் சுற்று விதிக்கு உட்பட்டது, சலிப்பும் தட்டாது. முன்பதிவு ரெக்ரியேஷன்.கவ் தளத்தில்; பெரும்பாலான இடங்களுக்கு ஆறு மாதம் முன்னதாகத் திறக்கும். தண்ணீரை ஒட்டிய இடங்களின் வெள்ளி, சனி இரவுகள்தான் முதலில் போகும். அதனால் உங்கள் 14 நாளை ஞாயிற்றுக்கிழமை தொடங்காமல் வியாழக்கிழமை தொடங்கும்படி பதிவு செய்யுங்கள்.

இன்னொன்று. வாரநாளில் டாலஸ் வீட்டில் இருந்துகொண்டு, டிரெய்லரை மட்டும் இடம்பிடிக்க விட்டுவைப்பதும் தடை. 24 மணி நேரத்துக்கு மேல் ஆளில்லாமல் கிடக்கும் பொருளைக் கைவிடப்பட்டதாகக் கருதலாம் என்கிறது விதி.

ஒரே இடத்தில் மூன்று மாதம் இருந்துதான் ஆக வேண்டுமென்றால் தனியார் பார்க்கில் மாத வாடகை பேசுங்கள். மின்சாரத்துக்குத் தனி மீட்டர் உண்டா, யூனிட் என்ன விலை என்று முதலில் கேளுங்கள். டெக்சஸ் ஆகஸ்டில் இரண்டு ஏசி ஓடினால் வாடகையைவிட கரண்ட் பில்தான் உறுத்தும். 10 ஆண்டுக்கு மேல் பழைய வண்டியைச் சேர்க்காத பார்க்குகளும் உண்டு.

மூன்றாவது வழி, பார்க் ஹோஸ்ட். வாரத்தில் இத்தனை மணி நேரம் என்று தன்னார்வமாக உழைத்தால் ஹூக்கப்புடன் இடம் இலவசம். வாய்ப்புகள் வாலன்டியர்.கவ் தளத்தில் வரும். ஆனால் இலவச இடமே ஊதியமாகக் கருதப்படலாம் என்பதால், விசாவில் இருப்பவர்கள் குடிவரவு வழக்கறிஞரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

எனக்கு 66 வயது. சென்னையிலிருந்து மகள் வீட்டுக்கு விசிட்டர் விசாவில் வருகிறேன். முதியோர் பாஸ் வாங்கினால் கேம்ப் கட்டணம் பாதியாகுமாமே? (சென்னை வாசகர்)

அந்தப் பாஸ் அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டும். உங்களுக்குக் கிடைக்காது. கிரீன் கார்டோடு இருக்கும் 62 வயது தாண்டிய பெற்றோர் தாராளமாக வாங்கலாம்: ஆயுள் பாஸ் 80 டாலர், ஓராண்டுப் பாஸ் 20 டாலர். கோர் கேம்ப்கிரவுண்டுகளில் இடக் கட்டணம் பாதியாகும். இரவுக்கு 30 டாலர் என்று வைத்துக்கொண்டால் ஆறே இரவில் 80 டாலர் திரும்பிவிடும். பாஸ் யார் பெயரில் இருக்கிறதோ அவரும் அங்கே தங்க வேண்டும். அப்பா பாஸை மகன் எடுத்துப்போய்க் காட்ட முடியாது.

என் எஃப்-150 பிக்கப் 11,000 பவுண்டு இழுக்கும் என்கிறார் விற்பனையாளர். 7,500 பவுண்டு டிரெய்லர் வாங்கலாம்தானே? (ஆஸ்டின் வாசகர்)

இழுக்கும். ஆனால் சுமக்குமா? டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருக்கும் மஞ்சள்–வெள்ளை ஸ்டிக்கரைப் படியுங்கள். ஆட்களும் சரக்கும் சேர்த்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் இருக்கும். அதுதான் பேலோடு. ஒரே மாடலிலும் வண்டிக்கு வண்டி அது மாறும். சன்ரூஃப், லெதர் இருக்கை என்று வசதி கூடக்கூட பேலோடு குறையும்.

கணக்கைப் பாருங்கள். சாதாரண டிராவல் டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் (இணைப்புக் கொக்கி) வழியாக உங்கள் பிக்கப்பின் மேல் உட்காரும். 7,500-ல் 13 சதவீதம் 975 பவுண்டு. எடை பகிரும் ஹிட்ச் 100. நான்கு பேர் 600. பின்னால் கருவிப்பெட்டி, கிரில், சைக்கிள் 200. மொத்தம் 1,875. உங்கள் ஸ்டிக்கர் 1,600 என்று சொன்னால் 275 பவுண்டு அதிகம். அப்போது வண்டியின் பின்பகுதி தாழ்ந்து முன்சக்கரங்களின் பிடி தளரும், ஸ்டியரிங் மிதக்கும், பிரேக் தூரம் நீளும். பின்டயர்கள் சூடேறிக்கொண்டே இருக்கும்.

எடையைக் குறைப்பதாக நினைத்துச் சாமானையெல்லாம் டிரெய்லரின் பின்பக்கம் தள்ளிவிடாதீர்கள். ஹிட்ச் எடை 10 சதவீதத்துக்குக் கீழே போனால் டிரெய்லர் பாம்பாக நெளியத் தொடங்கும். அது பேலோடு மீறலைவிட ஆபத்து.

விளம்பரத்தில் வரும் டிரெய்லர் எடை காலி வண்டியின் எடை. முழுநேர வாழ்க்கைக்கு 1,000, 1,500 பவுண்டு சாமான் சர்வசாதாரணமாக ஏறும். 50 கேலன் நன்னீர் மட்டுமே 417 பவுண்டு. விற்பனையாளர் வார்த்தையை நம்பி நிற்காமல், வாங்கிய பின் லாரி நிறுத்தங்களில் இருக்கும் கேட் ஸ்கேலில், எல்லாம் ஏற்றிய நிலையில் ஒருமுறை எடை போடுங்கள். அச்சுவாரியாகச் சீட்டு தருவார்கள்.

எங்கள் டிரெய்லர் 30 ஆம்ப். ஏசி ஓடும்போது இண்டக்‌ஷன் அடுப்பைப் போட்டால் பிரேக்கர் விழுகிறது. 50 ஆம்ப் பெட்டியில் அடாப்டர் போட்டுச் செருகினால் தீருமா? (ஃபிரிஸ்கோ வாசகி)

தீராது. 30 ஆம்ப், 120 வோல்ட் என்றால் மொத்தம் 3,600 வாட். 50 ஆம்ப் இணைப்பில் இரண்டு தனித்தனி மின்வழிகள் உண்டு; ஒவ்வொன்றும் 50 ஆம்ப், ஆக 12,000 வாட். பெயரில் 20 ஆம்ப்தான் வித்தியாசம், சக்தியில் மூன்று மடங்குக்கு மேல். அடாப்டர் போட்டாலும் உங்கள் வண்டிக்குள் இருக்கும் முதன்மை பிரேக்கர் 30 ஆம்ப்தான். அது விழத்தான் செய்யும்.

15,000 பிடியூ கூரை ஏசி ஓடும்போது சுமார் 14 ஆம்ப் இழுக்கும். வாட்டர் ஹீட்டரின் மின் எலிமெண்ட் 1,440 வாட், அதாவது 12. கன்வெர்ட்டரும் (120 வோல்ட்டை வண்டியின் 12 வோல்ட்டாக மாற்றும் கருவி) சில்லறையும் 3 முதல் 5. இதிலேயே 30 நிறைந்துவிட்டது. இண்டக்‌ஷனை 1,800 வாட்டில் வைத்தால் இன்னும் 15 வேண்டும். எனவே சமைக்கும் நேரத்தில் வாட்டர் ஹீட்டரை கேஸுக்கு மாற்றிவிட்டு, இண்டக்‌ஷனை 1,000 வாட்டில் வையுங்கள். 14, 5, 8 என்று 27-ல் நிற்கும். அந்த நேரம் மைக்ரோவேவைத் தொடக் கூடாது.

ஜூலை மதியம் இன்னொரு சிக்கல் வரும். பார்க் முழுக்க ஏசி ஓடுவதால் மின்னழுத்தம் இறங்கும். 108, 106 என்று விழும்போது கம்ப்ரஸர் அதே வேலையைச் செய்ய அதிக ஆம்ப் இழுத்துச் சூடேறும். வாரக்கணக்கில் இப்படி ஓடினால் ஏசி செத்துவிடும், காரணமும் தெரியாது. மின்னழுத்தம் 104-க்குக் கீழே இறங்கினாலோ 132-ஐத் தாண்டினாலோ இணைப்பைத் துண்டிக்கும் இஎம்எஸ் வகைப் பாதுகாப்புக் கருவியை வாங்குங்கள். திடீர் மின்னழுத்த எழுச்சியை மட்டும் தடுக்கும் மலிவான சர்ஜ் புரொடெக்டர் இதைச் செய்யாது. ஏசிக்கு சாஃப்ட் ஸ்டார்ட் பொருத்தினால், தொடங்கும் கணத்தில் இழுக்கும் மின்சாரம் பாதிக்கும் கீழே வரும்.

செருகுமுன் பெட்டியின் பிரேக்கரை ஆஃப் செய்யுங்கள். ஏசி ஒரு மணி நேரம் ஓடிய பிறகு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் சாக்கெட்டின் உள்தகடு தளர்ந்திருக்கிறது. வேறு இடம் கேளுங்கள். பல ஆண்டு ஆயிரம் பேர் செருகி எடுத்த 30 ஆம்ப் சாக்கெட் தேய்ந்திருக்கும். பக்கத்திலேயே அதிகம் புழங்காத 50 ஆம்ப் சாக்கெட் இருந்தால், அப்போது அடாப்டர் உண்மையிலேயே பயன்படும்.

வீட்டு டிரைவ்வேயில் ஆர்விக்காகச் சாக்கெட் வைக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டிடி-30 என்ற அந்த மூன்று துளைச் சாக்கெட், டிரையர் சாக்கெட் போலவே தெரியும். பழக்கமில்லாத எலக்ட்ரீஷியன் அதற்கு 240 வோல்ட் கொடுத்துவிடுவார். டிடி-30-க்கு 120 வோல்ட் மட்டும்தான். முதல்முறை செருகுமுன் மல்டிமீட்டரால் அளந்து பார்க்காமல் விடாதீர்கள். ஒரு விநாடியில் கன்வெர்ட்டர், டிவி, மைக்ரோவேவ் எல்லாம் போய்விடும்.

கோர் கேம்ப்கிரவுண்டில் எங்கள் இடத்தில் தண்ணீரும் மின்சாரமும் மட்டுமே உண்டு, கழிவுநீர் இணைப்பு இல்லை. 14 நாளை எப்படி ஓட்டுவது? (ஹூஸ்டன் தம்பதி)

ஏரிக்கரை கோர் இடங்களில் இதுதான் வழக்கம். வாயிலருகே டம்ப் ஸ்டேஷன் (கழிவுத் தொட்டியைக் காலி செய்யும் இடம்) இருக்கும். உங்களுக்கு முதலில் நிறையப்போவது பிளாக் டேங்க் (கழிப்பறைக் கழிவுத் தொட்டி) அல்ல, கிரே டேங்க் (குளியல், பாத்திர நீர்த் தொட்டி). இரண்டு பேர் சிக்கனமாகக் குளித்து, பாத்திரம் கழுவினாலே நாளுக்கு 12 முதல் 15 கேலன் போகும். 40 கேலன் தொட்டி மூன்றாம் நாள் தளும்பும். அதே அளவு பிளாக் டேங்க் ஒரு வாரத்துக்கு மேல் தாங்கும்.

குளியலை பார்க்கின் குளியலறைக் கட்டடத்துக்கு மாற்றுங்கள். அந்த ஒன்றே கிரே டேங்கின் ஆயுளை இரண்டு மூன்று மடங்காக்கும். மீதிக்கு சக்கரம் வைத்த டோட் தொட்டி வேண்டும். டிரெய்லரிலிருந்து அதில் இறக்கி, பிக்கப்பின் ஹிட்ச்சில் மாட்டி, நடைவேகத்தில் டம்ப் ஸ்டேஷனுக்கு இழுத்துப் போகலாம். நிறைந்த 25 கேலன் தொட்டி 208 பவுண்டு, தூக்கும் எடை அல்ல. நான்கு சக்கரம் உள்ளதையே வாங்குங்கள். வண்டியின் தொட்டி 40 கேலன், டோட் 25 கேலன் என்பதை வால்வைத் திறக்கும் நேரத்தில் மறந்துவிடாதீர்கள். டோட் நிரம்பும்போது ஒருவர் அளவுகாட்டியருகே நின்று சொல்ல வேண்டும், இன்னொருவர் கை வால்விலேயே இருக்க வேண்டும். நிரம்பிய பிறகு மூடினால், ஹோஸில் நிற்பது முழுவதும் தரையில்தான். "சோப்புத் தண்ணீர்தானே" என்று கிரே நீரைப் புல்லில் திறந்துவிடுவது தடை. அந்த நீர் போய்ச் சேர்வது குழந்தைகள் நீந்தும் ஏரியில்.

பிளாக் டேங்கில் நடக்கும் பெரிய தவறு, கழிவுநீர் இணைப்பு கிடைத்த இடத்தில் வால்வைத் திறந்தே வைப்பது. நீர் உடனுக்குடன் வடிந்துவிடும். திடக்கழிவு மட்டும் கழிப்பறைக்கு நேர் கீழே குவிந்து, காய்ந்து, மேடாகி இறுகும். பிறகு எந்த மருந்தும் எளிதில் கரைக்காது. வால்வு எப்போதும் மூடியிருக்கட்டும். மூன்றில் இரண்டு பங்கு நிறைந்த பின், ஒரே வீச்சில் திறந்துவிடுங்கள். முதலில் பிளாக், அடுத்து கிரே. சோப்பு நீர் ஹோஸை அலசிக்கொண்டு போகும். காலியான பிளாக் டேங்கில் 3 முதல் 5 கேலன் தண்ணீர் ஊற்றி, என்சைம் மருந்து போட்டுவிடுங்கள். ஃபார்மால்டிஹைடு கலந்த மருந்து வேண்டாம். அது பார்க்கின் செப்டிக் தொட்டியில் கழிவைச் செரிக்கும் பாக்டீரியாவைக் கொல்லும். ஹோஸின் முனையில் ஒளிபுகும் எல்போ வைத்தால், நீர் தெளிந்ததா என்று கண்ணால் பார்த்து நிறுத்தலாம்.

நன்னீர்ப் பக்கம் சுருக்கமாக: குடிநீருக்கென்று விற்கும் ஹோஸ் தனி, அழுத்த ரெகுலேட்டரைக் குழாய் முனையில் மாட்டுங்கள், வண்டிப் பக்கம் அல்ல. வண்டிப் பக்கம் மாட்டினால் ஹோஸ் முழுவதும் பார்க்கின் அழுத்தத்தைத் தாங்கி வெடிக்கும். 45 முதல் 55 பிஎஸ்ஐ போதும்.

நம் சமையலுக்கு இது ஒத்துவருமா? கிரே டேங்க் நாறுகிறது என்கிறார்கள். (சான் ஆண்டோனியோ வாசகி)

நன்றாகவே ஒத்துவரும். நாற்றத்துக்கு மசாலா காரணமில்லை, எண்ணெயும் மாவும்தான் காரணம். தாளித்த எண்ணெய் தொட்டிச் சுவரில் படியும். அதன்மேல் கிரைண்டர் கழுவிய உளுந்து மாவு ஒட்டும். கோடைச் சூட்டில் அந்தப் படலம் புளித்து நாறும். தொட்டியின் அளவு காட்டும் சென்சாரும் அந்தப் படலத்தால் காலித் தொட்டியை "முக்கால்" என்று காட்டும். கழுவுமுன் ஒவ்வொரு பாத்திரத்தையும் காகிதத் துண்டால் துடைத்துக் குப்பையில் போடுங்கள். கிரைண்டரை முதலில் அரை டம்ளர் தண்ணீரில் வழித்து, அந்த நீரைத் தோசை மாவிலேயே சேர்த்துவிடுங்கள். சிங்க்கில் நுண்ணிய வடிகட்டி. மாதம் ஒருமுறை, இடம் மாறும் நாளில், காலி கிரே டேங்கில் 10 கேலன் வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் ஊற்றி ஓட்டிப் போங்கள். வழிநெடுகக் குலுங்கிக் கழுவிவிடும்.

ஊரிலிருந்து கொண்டுவந்த 230 வோல்ட் மிக்சி இங்கே ஒத்துவராது. 110 வோல்ட் டேபிள் டாப் கிரைண்டர் 150 வாட் அளவில்தான் இழுக்கும், ஏசியோடு சேர்த்தே ஓட்டலாம். இட்லி அவிப்பது, குக்கர் வைப்பது எல்லாவற்றையும் முடிந்தவரை வெளியே, மேசைமேல் ஒற்றை பர்னரில் வையுங்கள். ஏன் என்று அடுத்த பதிலில் தெரியும்.

டிசம்பரில் கண்ணாடியெல்லாம் தண்ணீர் வழிகிறது, மெத்தைக்கு அடியில் பூஞ்சை. கூரை ஒழுகுகிறதா? (டல்சா வாசகர்)

கூரையை எப்படியும் பாருங்கள். ஆனால் இரண்டு பக்கக் கண்ணாடியிலும் வழிகிறது என்றால் அது உங்கள் மூச்சும் சமையலும். ஒரு கேலன் புரொப்பேன் எரிந்தால் சுமார் 0.8 கேலன் நீர் ஆவியாக வெளிவரும். ஃபர்னஸ் (வண்டியோடு வரும் கேஸ் ஹீட்டர்) அதைக் குழாய் வழியே வெளியே தள்ளிவிடும். அடுப்பு அத்தனையையும் உள்ளேயே விடும். அதோடு இட்லிப் பானையின் ஆவி, குளியலின் ஆவி, ஏரிக் காற்றின் ஈரம். சின்ன அறையில் இதெல்லாம் போக இடமில்லாமல், குளிர்ந்த பரப்பைத் தேடிப் படியும். மெத்தைக்கு அடியிலுள்ள பலகை அப்படியொரு பரப்பு. மெத்தையின் கீழ் காற்றோடும் வலைப்பாயோ மரச்சட்டமோ போடுங்கள். சமைக்கும்போது கூரை விசிறியை ஓடவிட்டு, எதிர்ப்பக்க ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வையுங்கள். கம்ப்ரஸர் வகை டீஹ்யூமிடிஃபையர் வாங்கி ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குக் கீழ் நிறுத்துங்கள். அதன் வடிகுழாயை சிங்க்கில் விட்டால் அந்தத் தண்ணீரும் கிரே டேங்க் கணக்கில் சேரும், வாளியில் பிடியுங்கள்.

சூடேற்றுவதிலும் ஒரு பொறி இருக்கிறது. கட்டணத்தில் மின்சாரம் அடங்கிவிட்டதால் 1,500 வாட் ஹீட்டரை மட்டும் ஓட்டி ஃபர்னஸை அணைத்துவிடுகிறார்கள். பல வண்டிகளில் தரைக்கடியிலுள்ள குழாய்களும் தொட்டிகளும் ஃபர்னஸின் சூடான காற்றால்தான் உறையாமல் இருக்கின்றன. உள்ளே 70 டிகிரி ஃபாரன்ஹீட், கீழே குழாய் உறைந்து வெடித்திருக்கும். உறைநிலைக்குக் கீழே போகும் இரவில் ஃபர்னஸ் ஓடியே ஆக வேண்டும். 30,000 பிடியூ ஃபர்னஸ் நிறுத்தாமல் எரிந்தால் மூன்று மணி நேரத்துக்கு ஒரு கேலன். 30 பவுண்டு சிலிண்டரில் 7 கேலன். இரவில் ஐந்து மணி நேரம் எரிகிறது என்று வைத்தால் நான்கு இரவு வரும். வெளி ஹோஸைக் கழற்றி வடித்துவிட்டு, நன்னீர்த் தொட்டியிலிருந்து பம்ப் போட்டுப் புழங்குங்கள்.

கூரைக்கு வருவோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏறி, விசிறி, குழாய், ஏணி, விளிம்பு என்று கூரையைத் துளைத்த ஒவ்வொரு இடத்திலும் சீலண்ட் வெடித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். நகம் நுழையும் வெடிப்பு போதும், தண்ணீர் நுழைந்துவிடும். ரப்பர் கூரைக்கு அதற்கென்றே உள்ள செல்ஃப் லெவலிங் லேப் சீலண்ட் பூசுங்கள். சாதாரண சிலிகான் பூசினால் பிறகு அதன்மேல் எதுவும் ஒட்டாது. ஆர்விகளை அழிப்பது விபத்தைவிட ஒழுகல்தான். சுவருக்குள் மரம் மக்கிய பிறகே வெளியே தெரியும் என்பதால் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்.

மே மாதம் தண்ணீரை ஒட்டிய இடம் கிடைத்திருக்கிறது. பயப்பட ஏதும் உண்டா? (டாலஸ் வாசகர்)

பயம் வேண்டாம், நீர்மட்டத்தைத் தினமும் பாருங்கள். டெக்ஸோமா வெள்ளத்தைத் தேக்கிவைக்கவே கட்டிய ஏரி. இயல்பு மட்டம் கடல்மட்டத்திலிருந்து 617 அடியை ஒட்டி ஏறி இறங்கும். ஸ்பில்வே (உபரிநீர் வழிந்தோடும் பகுதி) 640 அடியில். இடையிலுள்ள உயரம் வெள்ளத்துக்கென்று ஒதுக்கியது. தாழ்ந்த கேம்ப் இடங்கள் அந்த ஒதுக்கீட்டுக்குள் இருக்கின்றன. 1957, 1990, 2007, 2015 ஆகிய ஆண்டுகளில் நீர் ஸ்பில்வேயையே தாண்டியது. 2015-ல் 645 அடிக்கு மேல் போனது. உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும், மேற்கே ரெட் ரிவர் படுகையில் பெய்த மழை சில நாள் கழித்து வந்து சேரும். கோர் நிர்வாகத்தின் டல்சா மாவட்டம் மட்டத்தைத் தினமும் வெளியிடுகிறது. இரண்டு நாள் தொடர்ந்து ஏறினால் வாயில் அலுவலரிடம் உங்கள் இடம் எத்தனை அடியில் மூழ்கும் என்று கேளுங்கள். அந்த மாதத்தில் வண்டியைச் சுற்றிப் பாய், வேலி, தோரணம் என்று பரப்ப வேண்டாம். அரை மணியில் கிளம்பும் நிலையில் வையுங்கள்.

சூறாவளி எச்சரிக்கை கவுண்டியின் (மாநிலத்தின் உட்பிரிவு) பெயரில்தான் வரும். பர்ன்ஸ் ரன் ஓக்லஹோமாவின் பிரையன் கவுண்டி. எதிர்க்கரை டெக்சஸின் கிரேசன் கவுண்டி. போனில் சிக்னல் போகலாம், வானிலை ரேடியோ ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். டிரெய்லர் எந்தச் சூறாவளிக்கும் தங்குமிடம் ஆகாது. பகலிலேயே உறுதியான கட்டடம் எது என்று பார்த்துவைத்து, வீட்டில் எல்லாருக்கும் காட்டிவிடுங்கள்.

எச்-1பி விசாவில் இருக்கிறேன், வேலை முழுக்க வீட்டிலிருந்துதான். ஊர் ஊராகப் போய்க்கொண்டே வேலை செய்தால் யாருக்குத் தெரியப்போகிறது? (ஃபிரிஸ்கோ வாசகர்)

இந்தக் கேள்விக்கு வண்டி வாங்குமுன்பே விடை தேடுங்கள். எச்-1பி மனு ஒரு பணியிடத்தைச் சார்ந்தது. அந்தப் பெருநகரப் பகுதிக்கு வெளியே இருந்து வேலை செய்தால், குறுகிய கால விலக்குகள் தவிர, நிறுவனம் திருத்திய மனு போட வேண்டியிருக்கும். டாலஸ் பகுதியும் டெக்ஸோமாவின் தென்கரையிலுள்ள ஷெர்மன் – டெனிசன் பகுதியும் தனித்தனிப் பெருநகரப் பகுதிகள். ஒன்றரை மணி நேரப் பயணம்தானே என்று அலட்சியம் வேண்டாம். நிறுவனத்தின் குடிவரவு வழக்கறிஞரிடம் எந்த ஊரில் எத்தனை நாள் என்று எழுதிக் கொடுத்து, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். முகவரி மாறினால் 10 நாளுக்குள் ஏஆர்-11 படிவம் தர வேண்டும். இது கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் பொருந்தும்.

குடிமக்களும் நிரந்தரவாசிகளும் டெக்சஸ், புளோரிடா, தெற்கு டகோட்டா ஆகிய மூன்றில் ஒன்றை நிலையான முகவரியாக வைத்துக்கொள்வது வழக்கம். மூன்றிலும் மாநில வருமான வரி இல்லை. தபால் அனுப்பும் சேவைக்கு 1583 என்ற அஞ்சல் படிவம் வேண்டும். காப்பீட்டில் "முழுநேர வசிப்பவர்" வகைதான் எடுக்க வேண்டும். விடுமுறைக்காரர் பாலிசியில் முழுநேரம் வாழ்ந்தால், இழப்பு நேரும் நாளில் மறுத்துவிடுவார்கள். புது வண்டியின் வாரண்டியிலும் முழுநேர வாழ்க்கைக்கு விலக்கு இருக்கிறதா என்று படியுங்கள், பலவற்றில் இருக்கும்.

டயர் பார்க்கப் புதிது போல இருக்கிறது. மாற்றச் சொல்கிறார்கள், ஏன்? (ஆர்லிங்டன் வாசகர்)

டிரெய்லர் டயர் தேய்ந்து சாவதில்லை, வயதாகிச் சாகும். பக்கச்சுவரில் டாட் (DOT) குறியீட்டின் கடைசி நான்கு எண்ணைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. ஐந்து முதல் ஏழு ஆண்டில் மாற்றிவிட வேண்டும்.

ஃபிரிட்ஜ் கேஸில் ஓடும் வகை. வண்டி கொஞ்சம் சாய்ந்து நின்றால் என்ன? (டென்டன் வாசகி)

அந்த வகையில் அமோனியாக் கரைசல் தன் எடையால் கீழிறங்கிச் சுற்றி வர வேண்டும். பக்கவாட்டில் 3 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் கரைசல் தேங்கி, பாய்லர் குழாய் அதிகச் சூடேறி அடைபடும். அந்தச் சேதம் சேர்ந்துகொண்டே போகும், திரும்பாது. ஏரிக்கரைத் திட்டுகள் தண்ணீரை நோக்கிச் சரிந்தே இருக்கும். வந்தவுடன் முதலில் பக்கவாட்டுச் சமம், பிறகு சக்கரத்துக்கு அடைக்கட்டை, அதன்பின் ஹிட்ச் கழற்றல், முன்–பின் சமம், கடைசியில் ஸ்டெபிலைசர் (வண்டி ஆடாமல் தாங்கும் கால்கள்). ஸ்டெபிலைசரால் வண்டியைத் தூக்க முயலாதீர்கள், வளைந்துவிடும். 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜுக்கு இந்தக் கவலை இல்லை.

பிள்ளைகளுக்குக் கயாக் வாங்கியிருக்கிறோம். டெக்ஸோமாவிலிருந்து அடுத்த ஏரிக்கு எடுத்துப் போகலாமா? (மெக்கின்னி வாசகி)

போகலாம், கழுவி வடித்துக் காயவைத்த பிறகு. வரிக்குதிரைச் சிப்பி டெக்சஸில் முதலில் பிடிபட்டது 2009-ல் இதே ஏரியில்தான். கண்ணுக்குத் தெரியாத அதன் குஞ்சுகள் தேங்கிய நீரில் பயணம் செய்து, அடுத்த ஏரியின் குடிநீர்க் குழாய்களை அடைக்கும். கயாக்கின் உள்ளே நிற்கும் நீர், துடுப்பு உறை, லைஃப் ஜாக்கெட், மீன் வாளி எல்லாவற்றையும் கரையிலேயே வடித்துவிடுங்கள். படகிலுள்ள நீரை வடிக்காமல் ஏரியை விட்டுக் கிளம்புவது டெக்சஸில் குற்றம். கழுவிய பின் ஒரு வாரம் வெயிலில் உலர்த்துவது நல்லது. அவ்வளவு நாள் இல்லாவிட்டால், மிக அதிகச் சூடான நீரை மேலும் உள்ளும் ஊற்றிக் கழுவுங்கள்.